கதை படிக்கும் கூட்டம்

எழுத்தாளர்கள் கூடிப் பேசினால் கதை நன்றாக வருமா என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். கூடிப் பேசியதால் கெட்ட கதைகளும் உண்டு. கூடாவிட்டால் பிறந்தே இராத கதைகளும் உண்டு. 1935-இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றிய பி. எஸ். ராமையா, வருகிற கதைகளைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எழுதாமலிருந்த ஒருவரை எழுதும்படி தூண்டினார். அவருக்கு 'மௌனி' என்று பெயரும் வைத்தார். மௌனி ஆயுள் முழுவதும் எழுதியது ஏறக்குறைய 24 கதைகள். ராமையா கேட்டிராவிட்டால் அவ்வளவாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

எழுதச் சொல்வது சுலபம். எழுதி வந்ததைப் பற்றி என்ன சொல்வது என்பதுதான் சங்கடம். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்த சி. சு. செல்லப்பாவுக்கும் க. நா. சுப்ரமண்யத்துக்கும் இந்த விஷயத்தில்தான் அபிப்பிராய பேதம். க. நா. சு. நிறையப் படித்தவர், நல்லது இன்னின்னது என்று பெயர்களைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். செல்லப்பா லேசில் விடமாட்டார். எந்த இடத்தில் நல்லது, எந்த உத்தியினால் நல்லது என்று கதையைப் பிரித்துப் போட்டு அலசுவார். அலசுகிற வேகத்தில் சில சமயம் துணியின் சாயமும் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கட்டும். பட்டியல் வாசகருக்கு உதவும். பேனாவும் கையுமாக உட்கார்ந்து திண்டாடுகிறவனுக்கு அலசல்தான் உதவும்.

நம்முடைய கூட்டங்களில் க. நா. சு.வின் தீர்ப்பு இருக்கிறது. அவருடைய படிப்பு இல்லை. தியாகராய நகரில் ஒரு மாடி ஹாலில் மாதம் ஒரு முறை கதை படிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே மூன்று வருஷம் படித்தார். 'அருமை' என்றார்கள், 'கண்ணில் ஜலம் வந்துவிட்டது' என்றார்கள், காபி கொடுத்தார்கள். பத்திரிகைகள் மட்டும் கதைகளைத் திருப்பிக்கொண்டேயிருந்தன. சென்ற வருஷம் எழுதுவதை நிறுத்திவிட்டு, பதினோரு கதைகளையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

படித்துப் பார்த்தேன். ஒரு கதையில், பிள்ளைக்குப் பீஸ் கட்ட வளையலை அடகு வைத்த தாய், வெறுங்கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் தாயின் தியாகத்தைப் பற்றிப் பன்னிரண்டு வரி! பதினோரு கதைகளில் ஒன்பதுக்கு இதே வியாதி. கை தேர்ந்த கை. கடைசிப் பாராவை அடிக்கத் தெரியாத கை. மூன்று வருஷத்தில் அதைச் சொல்ல ஒருவர் வாய் திறக்கவில்லை. மனம் நோகுமே என்ற தாட்சண்யம். அந்தத் தாட்சண்யத்துக்கு ஓர் எழுத்தாளரைப் பலி கொடுத்தாயிற்று.

எங்கே நிறுத்துவது என்பதை அறிய அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படிக்கலாம். 1973-இல் புஸ்தகமாக வந்தது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், தோண்டிப் போட்ட தெரு, பம்பைச் சுற்றிக் குடங்கள். நடுவில் ஜமுனா என்ற பெண். சினிமா ஆசை காட்டி அவளை அலைக்கழிக்கிறான் பாஸ்கர் ராவ். வாழ்க்கை வெறுத்துப்போயிருக்கும் அவளிடம் டீச்சரம்மா தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்கிறாள். ஜமுனா மாறுகிறாள். மாறிவிட்டாள் என்று ஆசிரியர் மேடை போட்டுப் பேசுவதில்லை. அவள் அடுத்தாற்போல் என்ன செய்கிறாள் என்று காட்டுவதோடு சரி. அந்த டீச்சரம்மாவைப் பற்றி நம் மாடி ஹால்காரர்கள் பன்னிரண்டு வரியா, பன்னிரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள்.

அசோகமித்திரன் தியாகராய நகரில் வசித்த காலத்தில் நடேசன் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து நிறைய எழுதினார். அதைக் கேட்டுவிட்டு, தனிமைதான் எழுத்துக்கு நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். பூங்காவில் என்ன தனிமை? பென்ஷன்காரர்கள், குழந்தைகள், துண்டை விரித்துத் தூங்குகிறவர்கள். ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருஷம் வேலை பார்த்து 1966-இல் வெளியே வந்தவர் அவர். பிறகு 'கணையாழி'யில் பிறர் எழுதியதைப் படித்துத் தேர்ந்தெடுத்தவர். மனிதர்களிடமிருந்து அவர் ஓடிவிடவில்லை. எழுதுகிற நேரத்தில் தம்மைப் பாராட்டும் மனிதர்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பையை என்னிடம் கொடுத்த நண்பருக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். கதையை அவர் படிக்கக் கூடாது. குரலை ஏற்றி இறக்கி, இல்லாத உயிரையும் கொடுத்துவிடுவார். வேறொருவர் சாதாரணமாகப் படிக்கட்டும். எழுதியவர் பென்சிலோடு வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். படிப்பவர் தடுக்கும் இடத்திலும், கேட்பவர் ஜன்னலைப் பார்க்கும் இடத்திலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். வளையல் கதையை அப்படிப் படிக்க அவர் சம்மதித்துவிட்டார். மூன்று பேர் போதும். ஹால் வாடகை மிச்சம்.