எழுநூறு கிராம் இரும்பு

தென்பெண்ணையின் கரையில் குடியிருப்பவனுக்கு ஆபத்து எந்த ரூபத்தில் வரும் என்பதைப் பற்றி அதிக சந்தேகத்துக்கு இடமில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், ஃபெஞ்சல் புயலின் மழையைத் தாங்க மாட்டாமல் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, மூங்கில்துறைப்பட்டில் என் வீட்டில் நாங்கள் முதலில் தேடியது டார்ச் விளக்கை. அது கிடைத்தபோது அதற்குள் பேட்டரிகள் பொங்கி உப்புப் பூத்துப்போயிருந்தன. அன்று ஏற்பட்ட வெட்கத்தின் பலனாகத்தான், அவசர காலத்தில் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறத்தக்க பை ஒன்றைத் தயார் செய்வது என்று தீர்மானித்தேன்.

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகனிடம் யோசனை கேட்டதில், அவன் அனுப்பிய ஜாபிதாவில் தண்ணீர்ப் புட்டி, கயிறு, தீப்பெட்டி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, ‘சிறு துப்பாக்கி ஒன்று’ என்று எழுதியிருந்தது. நகைத்துத் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லுவது என் சுபாவத்துக்கு ஒத்துவராது. ஆகவே சட்டத்துக்கு உட்பட்டு என் கைக்கோ கண்ணுக்கோ எட்டக்கூடிய சிறு துப்பாக்கிகளையெல்லாம் பரீட்சிக்கத் தொடங்கினேன்.

அவன் ஜாபிதாவிலுள்ள யோசனை அவனுடைய சொந்தக் கற்பனையன்று. விமானத்திலிருந்து குதித்துத் தப்பும் சிப்பாய்க்காக யூஜீன் ஸ்டோனர் என்னும் நிபுணர் வகுத்த அமைப்பிலிருந்து வளர்ந்து, 1959-இல் சந்தைக்கு வந்த ஏ.ஆர்.-7 என்ற துப்பாக்கி, குழலும் பொறியும் தனித்தனியே கழன்று தன் கட்டைக்குள்ளேயே அடங்கி, தண்ணீரில் போட்டால் மிதக்கவும் செய்யும். 1965-இல் வாஸ்கோத்-2 விண்கலம் குறி தவறிப் பனிக்காட்டில் இறங்க, லியோனவும் பெல்யாயெவும் ஓநாய் உலாவும் அந்தக் காட்டில் இரவைக் கழிக்க நேர்ந்ததன் பயனாக, பிற்காலத்தில் சோவியத் விண்வெளி வீரர்களுக்கென்று மூன்று குழல் கொண்ட டி.பி.-82 என்ற கைத்துப்பாக்கியே நிர்மாணிக்கப்பட்டது. பனிக்காட்டுக்கு அது பொருத்தம்தான். எங்கள் ஊர்க் கரும்புக்காட்டுக்கு எப்படி என்பதே என் கேள்வி.

முதலில் வாங்கியது காற்றுத் துப்பாக்கி: புள்ளி 177 அங்குல அளவு, கைக்கு அடக்கமான வகை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, அந்த அளவுக்கு மேற்படாமலும் குண்டின் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற என் வயதுக்குச் சிறிது மூச்சு வாங்கியது. அரைக் கிராம் எடையுள்ள ஈயக் குண்டு பத்தடியில் வைத்த தகர டப்பாவைச் சப்தத்தோடு தட்டிவிட்டது. மாமரத்துக் குரங்குகள் முதல் நாள் அந்தச் சப்தத்துக்கு மரியாதை கொடுத்தன, மறுநாள் கொடுக்கவில்லை. எடையோ கிட்டத்தட்ட ஒரு கிலோ. பொழுதுபோக்குக்கு உத்தமமான சாதனம். பையிலிருந்து அன்றே நீக்கிவிட்டேன்.

இரண்டாவது, புள்ளி 22 ரைஃபிள். நகரத்திலுள்ள ரைஃபிள் கிளப் ஒன்றில் அங்கத்தினராகச் சேர்ந்து, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, குப்புறப்படுத்துச் சுட்டேன். தோளில் உதை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சப்தம் காய்ந்த விறகு முறிவது போன்றது. ஐம்பது மீட்டரில் என்னைப் போன்ற கற்றுக்குட்டியின் குண்டுகளும் ஒரு தோசைக்கல் அகலத்துக்குள் விழுந்தன. 1887-இல் பிறந்த இந்தத் தோட்டா இன்றும் உலகெங்கும் செலவாவதன் காரணத்தை நான் அந்த ஒரு மணி நேரத்தில் கண்டுகொண்டேன். ஆனால் இதன் தோஷங்கள் இரண்டை அந்தப் பயிற்சியாளரே எடுத்துக்காட்டினார். இதன் வெடிமருந்துப் பொட்டு நடுவில் இல்லாமல் தோட்டாவின் விளிம்பைச் சுற்றித் தடவப்பட்டிருப்பதால், மற்ற ஜாதிகளைக் காட்டிலும் இது வெடிக்காமல் ஏமாற்றும் சந்தர்ப்பம் அதிகம். மற்றொன்று இதைவிட விபரீதமானது: இரண்டரைக் கிராம் சொச்சம் எடையுள்ள அந்தக் குண்டு, தடுப்பார் இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். “எதைச் சுடுறீங்கங்கறது இருக்கட்டும் சார், அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க” என்றார் அவர். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கரும்புக்குப் பின்னால் வெட்டுக் கூலிகள் இருக்கலாம், ஆலைக்குப் போகும் வண்டி இருக்கலாம், அக்கரையில் துணி துவைப்பவர்கள் இருக்கலாம்; எங்கள் ஊரில் அதைப் பார்த்துவிட்டுச் சுடுவது ஆகாத காரியம். பசித்தவன் முயல் அடித்துத் தின்பதற்கென்றுதான் இந்த ஜாதித் துப்பாக்கியைப் பையில் வைக்கச் சொல்லுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலுக்கும் பாதுகாவலாக நிற்கும் தேசத்தில், அந்தப் பசியைப் பொரியும் பொட்டுக்கடலையும் கொண்டே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். என் தாய்மாமன் ஒருவர் பல வருஷங்களாக லைசென்ஸோடு வைத்திருக்கும் புள்ளி 32 அளவு ரிவால்வர், கான்பூரில் சர்க்கார் தொழிற்சாலையில் செய்தது. வெப்லி என்ற பழைய ஆங்கிலேயத் துப்பாக்கியின் வாரிசு. தலைப்பக்கம் மடக்கித் திறந்தால் ஆறு அறைகளும் மலர்ந்து காட்டும். லைசென்ஸ் அவர் பெயரில் இருப்பதால் நான் தொடவில்லை. தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, ஆறு அறைகளும் காலி என்பதை எனக்கும் காட்டியபின், அவரே அதைச் சமையல்கட்டுத் தராசில் வைத்தார். முள் எழுநூறு கிராமில் நின்றது. விசை கனமானது, சுட்டுவிரல் முழுப் பலத்தோடு இழுத்தால்தான் சுத்தியல் பின்வாங்கும், பதற்றத்தில் தவறிப்போய் வெடிக்காமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு, பதற்றத்தில் குறி தவறுவதற்கும் இதுவே காரணம். குழல் மூன்று அங்குலம். இருபது மீட்டருக்கு அப்பால் அது வெறும் சப்தம் என்று மாமாவே ஒப்புக்கொள்ளுகிறார். 2014-இல் ‘நிர்பீக்’ என்ற பெயரில், ஐந்நூறு கிராம் எடையில், பெண்களின் கைப்பைக்கென்று சொல்லி இதே அளவில் ஒன்றை வெளியிட்டார்கள்; அன்றைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். கைப்பையையும் அதிலுள்ள சகலத்தையும் விற்றாலும் அந்தக் கிரயம் தேறாது.

வெள்ளத்தன்று இந்த ரிவால்வர் என்ன செய்தது என்று கேட்டேன். மாமா சிறிது நேரம் பேசவில்லை. “அதைத்தான் முதல்ல காப்பாத்தினேன்டா” என்றார். பத்திரத்தையும் மாத்திரையையும் அத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிக் காத்திருக்க, இவர் பாலிதீன் பை தேடி, தோட்டாக்களை எண்ணி, லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி, கால் மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறார். முகாமில் நூறு பேர் படுத்திருந்த பள்ளிக்கூட அறையில், அந்தப் பொட்டலத்தைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண் கொட்டாமல் விழித்திருக்கிறார். தொலைந்தால் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். குழந்தை கையில் அகப்பட்டாலோ, சொல்ல வாயே இராது. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து புதுப்பிக்கவும் வேண்டியிருக்கிற ஒரு பொருள், ஆணியில் மாட்டிவைத்த பையில் அநாதையாகத் தொங்க முடியாது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலோ, 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு வருஷம்.

கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், எங்கள் பக்கத்தார் குறைப்படுவார்கள். மலைக்கு உரிய துப்பாக்கி இவை எதுவும் அன்று. போலீஸ் தஸ்தாவேஜுகளில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படும் நாட்டுத் துப்பாக்கிதான். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பெரியவர், தம் தகப்பனார் வைத்திருந்ததை நினைவுகூர்ந்து, வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரால் அடைத்து, சைக்கிள் பால்ரஸ்களைப் போட்டு, கம்பியால் இடித்து முடிப்பதற்குள் பன்றி கிழங்கைத் தின்று ஏப்பமும் விட்டுவிடும் என்று சொல்லிச் சிரித்தார். “மழை பேஞ்சா அது அடுப்பூதத்தான் ஆவும்” என்றும் சொன்னார். நான் பார்த்த விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது கிடையாது.

ஆகவே என் பையில் அந்த எழுநூறு கிராம் வேறு விதமாகச் செலவாகியிருக்கிறது. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, கைப்பிடியைச் சுழற்றினால் பேசும் ரேடியோ ஒன்று, ஒரு விசில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரின் மாத்திரைகள், ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் உறை. எல்லாவற்றையும் அதே தராசில் வைத்தபோது முள் எழுநூறைத் தொடவில்லை. மீதிக்கு ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை வைத்தேன். ரேடியோவின் கைப்பிடி மட்டும் சற்று மெலிவான பிளாஸ்டிக். ஆவேசமாகச் சுற்றினால் முறிந்துவிடும் போலிருக்கிறது. போன வாரம் வந்த மாமா பையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்து, டார்ச்சைத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துவிட்டு, அதே மாதிரி இரண்டு வாங்கிவரச் சொல்லிப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார்.