வம்சாவளியும் பேரேடும்: குடும்ப வரலாறு என்னும் வடிவம் பற்றிக் கண்டியிலிருந்து ஒரு நோக்கு

குடும்ப வரலாறு இன்று ஆய்வாளர், நாவலாசிரியர் ஆகிய இரு சாராரதும் கவனத்தை ஈர்த்துள்ள ஒரு வடிவமாகும். மூதாதை ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் பிறந்த ஊர், பங்குபற்றிய போர், ஈட்டிய நிலம், பெற்ற மக்கள் என்றவாறு ஆவணங்களைத் தொடர்ந்து சென்று, ஈற்றில் எழுதுவோர் தம்மிடமே வந்து சேரும் இவ்வடிவத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. எனினும் இத்தகைய நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் தகவலின் செம்மையையும் நடையின் இனிமையையும் பாராட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆவணம் எவரிடம் இருந்தது, எவரிடம் இருக்கவில்லை, இல்லாதவரிடம் அதனைக் கேட்டவர் யார் ஆகிய வினாக்கள் இலக்கிய விமர்சனத்துக்குப் புறம்பானவை எனக் கருதப்படுவதுண்டு. அவை புறம்பானவை அல்ல என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது. கண்டியையும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களையும் மனங்கொண்டே இதனைக் கூறுகின்றோம். ஆயினும் இவ்வடிவத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே கிடைப்பதால், முதலில் அங்கு சென்று மீள்வது பொருத்தமாகும்.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்புத் தோல்வியுற்றது. போரிலே தோற்ற படையினர் குடும்ப வரலாற்றிலே தோற்கவில்லை. 1894ஆம் ஆண்டு தோன்றிய 'கூட்டமைப்பின் புதல்வியர்' என்னும் சங்கம், கூட்டமைப்புக்காகப் போரிட்டோர் அல்லது பணிபுரிந்தோர் வழிவந்தமையை நிறுவக்கூடிய பெண்களையே உறுப்பினராக ஏற்றது. வம்சாவளி அங்கு வெறும் நினைவுப் பொருளாக நிற்காது சமூகத் தகுதிக்கான சான்றிதழாயிற்று. அச்சங்கம் ஊர்தோறும் எழுப்பிய சிலைகளும், பாடநூல்கள் மீது அது செலுத்திய செல்வாக்கும் அப்போரின் காரணத்தை மக்கள் மனத்திலிருந்து மறைக்கப் பெரிதும் உதவின.

வில்லியம் கிளார்க் ஃபோக்னர் (1825-1889) அத்தகைய மூதாதையருள் ஒருவர். மிசிசிப்பியின் இரண்டாவது காலாட்படைப் பிரிவின் கேணலாக 1861இல் போரிட்டவர். போரின் பின் இரயில்பாதை அமைப்பில் ஈடுபட்டுச் செல்வம் திரட்டியவர். 1881இல் நாவல் ஒன்றையும் நூலாக வெளியிட்டவர். முன்னாள் வியாபாரக் கூட்டாளி ஒருவரால் சுடப்பட்டு மாண்டவர். அவருடைய பூட்டப்பிள்ளையே நாவலாசிரியர் வில்லியம் ஃபோக்னர் (1897-1962). 1929இல் வெளிவந்த 'சார்ட்டோரிஸ்' நாவலிலே அவர் இக்கேணலை முன்மாதிரியாகக் கொண்டு பாத்திரமொன்றைப் படைத்தார். குடும்பத்தார் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய வீரக்கதையின் சாயல் அதில் முற்றாக நீங்கவில்லை என்பது எமது கருத்து. 1942இல் வெளிவந்த 'கோ டவுன், மோசஸ்' நூலிலேதான் ஃபோக்னர் குடும்ப வரலாற்றை வேறோர் இடத்தில் தேடினார். அவ்விடம் தோட்டப் பண்டசாலையின் கணக்கேடு.

அந்நூலின் நாயகனான ஐசாக் மெக்காஸ்லின் பதினாறு வயதில் அப்பண்டசாலையில் அமர்ந்து, தன் தந்தையும் பெரிய தந்தையும் எழுதிவைத்த பழைய ஏடுகளைப் புரட்டுகின்றான். அடிமைகளின் கொள்விலை, பிறப்பு, இறப்பு, அவர்களுக்கு வழங்கிய பொருள் ஆகியன அங்கு வரவு செலவாகப் பதியப்பட்டுள்ளன. யூனிஸ் என்னும் அடிமைப் பெண் 1832இல் நீரில் வீழ்ந்து உயிர் நீத்தாள் என்ற குறிப்பை வேறு சில குறிப்புகளோடு சேர்த்துப் படிக்கும்பொழுது, தன் பாட்டன் அவளிடம் ஒரு மகளைப் பெற்றதையும், பின்னர் அம்மகளிடமே ஒரு மகனைப் பெற்றதையும் அவன் உய்த்துணர்கின்றான். குடும்பத்தின் வம்சாவளி வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதப்படும்; குடும்பத்தின் உண்மை கணக்கேட்டில் கிடக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசித்தமையே அந்நூலின் பெருஞ்சாதனை எனலாம்.

ஆனால் அதன் எல்லையையும் நாம் காணாதிருத்தல் ஆகாது. ஏட்டை வாசிப்பவன் எசமானின் பேரன். உண்மையறிந்த அவன் இருபத்தொரு வயதில் தன் முதுசத்தைத் துறக்கின்றான். நிலமோ மைத்துனன் முறையான இன்னொருவனிடம் செல்கின்றது. அந்நிலத்தில் உழைப்போர் முன்போலவே உழைக்கின்றனர். உற்பத்தி உறவின் முரண்பாடு தனிமனித மனச்சாட்சியின் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகின்றது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் அதே ஏட்டை வாசிப்பின் என்ன நிகழும் என்ற வினாவை ஃபோக்னரின் நூலிலே எழுப்ப இயலாது. அவ்வழித்தோன்றல்களுக்கு வாய்த்த ஆவணங்களின் நிலையும் அத்தகையதே. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் அடிமைகள் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் என்னும் விவரங்களுடன் மட்டுமே, பொதுவாகப் பெயரின்றிப் பதியப்பட்டனர். விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு இடம்பெற்ற முதலாவது மதிப்பீடு 1870ஆம் ஆண்டினது. 1976இல் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' பெற்ற பெருவரவேற்பை, பெயரற்றிருந்தோரின் இவ்வேட்கையைக் கருதாமல் விளங்கிக்கொள்ள இயலாது. அந்நூலின் வரலாற்றுச் செம்மை பற்றிப் பிற்காலத்தில் எழுந்த ஐயங்கள் வலுவானவையே. எனினும் அவ்வையங்களும் ஆவணம் எவருக்கு இருந்தது என்ற வினாவிலேயே வந்து முடிகின்றன.

அமெரிக்கத் தோட்டத்தையும் கண்டித் தோட்டத்தையும் ஒப்பிடுவது வலிந்து பொருத்துவதாகாதா எனக் கேட்கப்படலாம். கண்டியிலே அமைந்த பெருந்தோட்ட முறைமைக்கு அத்திலாந்திக் அடிமைத் தோட்டத்தோடு நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. 1837இல் இங்கு வந்த ரொபேர்ட் பொய்ட் டைட்லர், யமெய்க்காவிலே தாம் கற்ற மேற்கிந்தியக் கோப்பிச் செய்கை முறையைத் தும்பறைப் பகுதியில் புகுத்தியவர். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியிருந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். அடிமை போயிற்று; அடிமையைக் கொண்டு நடத்திய தோட்ட நுட்பம் கடல்கடந்து வந்தது. கண்டித் தோட்டத்தில் மனிதர் விலைக்கு விற்கப்படவில்லை. தொழிலாளியைப் பிணித்தது கடன். இவ்வேறுபாடு முக்கியமானது, அதனை மழுங்கச் செய்யும் உணர்ச்சி எழுத்து எமக்கு உடன்பாடன்று.

இங்கும் தோட்டங்களைத் தொடக்கியோருள் போர் கண்டவர்கள் இருந்தனர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூப் போரிலே காயமுற்றவர்; பேராதனைக்கு அண்மையில், மகாவலிக்கு அப்பாலுள்ள கன்னொறுவையிலே தமக்கெனக் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். கம்பளைக்கு அருகேயுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பியிட்டார். இவர்களும் இவர்கள் வழிவந்தோரும் எழுத்திலே வாழ்கின்றனர். தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள படையினர் மயானத்தில் 1824இல் காய்ச்சலால் இறந்த சேர் ஜோன் டொயிலியின் கல்லறை உண்டு. 1856இல் யானையால் கொல்லப்பட்ட ஜோன் ரொபேட்சனின் கல்லறையும் உண்டு. இக்கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்து ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவையாளர் 1913இல் நூலாக்கினார். குடும்ப வரலாறு தேடிவரும் பிரித்தானியருக்கு அந்நூல் இன்றும் கைகொடுக்கின்றது. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு மகியாவை மயானத்தில் கல் உண்டு. அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்திலே பேணப்படுகின்றன. யானை மிதித்து இறந்த ஒருவருக்குப் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இறந்த விதம் அனைத்தும் கல்லிலே உள. அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபெருவழியால் தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கண்டிக்கு நடந்துவந்து, வழியிலே பேதிக்கும் காய்ச்சலுக்கும் மாண்ட தொழிலாளருக்கு அவ்வாறான கல் இல்லை.

எனினும் அவர்களைப் பற்றி எழுத்தே இல்லை எனக் கூறுவது தவறாகும். தோட்டம் இடையறாது எழுதிக்கொண்டேயிருந்தது. பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் ஆளெண்ணிச் செக்ரோல் புத்தகத்தில் குறிக்கப்பட்டது. தோட்ட வழக்கிலே ஒரு நாள் வேலைக்கான பதிவுக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதனின் பேர் அவனது நாட்கூலியின் அலகாக மாறிய இச்சொல்லாட்சியை எந்தக் கவிஞனும் புனையவில்லை. உற்பத்தி முறையே புனைந்தது. மொழியியலாளரும் விமர்சகரும் இச்சொல்லின் முன் சற்று நின்று செல்வது நன்று. மற்றோர் ஆவணம் 'துண்டு'. குறித்த தொகையைச் செலுத்தினால் தொழிலாளியை விடுவிக்கலாம் எனத் தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டு அது. கங்காணி அதனைக் கொண்டுபோய் அடுத்த தோட்டத்தில் முன்பணம் பெற்றுப் பழைய கடனைத் தீர்த்து ஆட்களை அழைத்துச் செல்வான். கடன் ஆட்களோடு கூடவே செல்லும். 1921இல் சட்டத்தால் இம்முறை ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பம் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்ற வரலாறு அதன் கடனின் வரலாறாகவே எழுதப்பட்டது.

கண்டிப் பிரதேசத்தில் ஆவணம் இருமுறை மக்களுக்கு எதிராகப் பிரயோகிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் யாவும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்கு உரியது எனக் கொண்டது. உறுதிப் பத்திரம் என்பதனைப் பெரிதும் அறியாத சிங்கள விவசாயி தன் சேனை நிலத்துக்குச் சான்று காட்ட வேண்டியவனானான். 108 ஆண்டுகளின் பின், அந்நிலத்தில் எழுந்த தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளியிடம் இன்னொரு சான்று கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இந்நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தம் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தோர் என்றோ காட்டுதல் வேண்டும். பூட்டனைக் காட்டுதல் மிசிசிப்பிக் கேணலின் பூட்டப்பிள்ளைக்கு எளிது. கல்லறையும் சிலையும் இரயில்பாதையும் அவருக்குச் சாட்சி. லயன் காம்பராவிலே பிறந்து லயன் காம்பராவிலே இறந்தவனின் பூட்டனுக்கு எவர் சாட்சி? சொத்துடையோர் மாத்திரமே பேணக்கூடிய ஒன்றைச் சொத்தற்றோரிடம் கேட்பதே இச்சட்டத்தின் உட்பொருள்.

பின்னர் 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஏறக்குறைய 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். எஞ்சியோரை 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டவழித் தீர்வு 2003இல் வந்தது. இவ்விண்ணப்பங்களே மலையகத் தமிழர் பெருந்தொகையாக எழுத நேர்ந்த முதலாவது குடும்ப வரலாறு என நாம் கருதுகின்றோம். அதனை எழுதத் தூண்டியது மூதாதையர் மீதான பற்று மட்டுமன்று, வெளியேற்றப்படுவோம் என்ற அச்சமுமாகும்.

இப்பின்னணியிலேயே சி. வி. வேலுப்பிள்ளையை (1914-1984) வாசிக்க வேண்டும். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றம் சென்று, தம்மைத் தெரிந்த மக்களே வாக்குரிமை இழந்ததைக் கண்டவர் அவர். 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டு, சக்தீ அ. பால ஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கப்பட்ட நெடுங்கவிதையில், தேயிலைக்கு அடியில் அடையாளமின்றிக் கிடக்கும் மூதாதையரே மையமாகின்றனர். அக்கவிதையில் தனிப் பாத்திரங்கள் இல்லை, குடும்பக் கதை இல்லை, துயரம் பொதுமைப்பட்டுவிட்டது எனக் குறைகூறுவோர் உளர். வம்சாவளியைச் சட்டம் கோரிநின்ற ஒரு காலத்தில், தனியொரு பூட்டனை விடுத்து ஒரு வர்க்கத்தின் மூதாதையர் முழுவதையும் சாட்சிக்கு அழைத்தமை அக்கவிதையின் குறையன்று, அதன் அரசியல். அதேவேளை, கங்காணிக்கும் கூலிக்கும் இடையிலிருந்த முரண்பாடு அங்கு முதன்மை பெறாமல் யாவரும் ஒரே புழுதியாகிவிடுவதையும் சுட்டவேண்டும். கங்காணி குடும்பங்களுக்குப் புகைப்படமும் காணியும் கடையும் எஞ்சின. மலையகக் குடும்ப வரலாறு என்ற பெயரில் அவர்களது வரலாறே முந்திக்கொள்ளும் ஆபத்து மெய்யானது.

வேலுப்பிள்ளை 1983இல் வெளியிட்ட மலைநாட்டு மக்கள் பாடல்களின் தொகுப்பு எமது பொருளுக்கு மேலும் நெருங்கியது. நாட்டார் பாடல்களை மண்வாசனைக்காக மெச்சுவது நம்மிடையே பழகிப்போன ஒன்று. அவற்றின் வகைகளைச் சான்றுகளாக நோக்கினால் வேறு செய்தி புலப்படும். ஒப்பாரி பெண்களின் வடிவம். தாயையும், பிறந்த வீட்டையும், உடன்பிறந்தாரையும் விளித்து அழுவது. சட்டம் தந்தைவழியையே கேட்டது. மக்கள் நினைவோ பெருமளவு தாய்வழியே பாடலில் தங்கியது. அந்நினைவு எந்த ஆணையாளர் முன்னும் செல்லுபடியாகவில்லை.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இன் பின் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. கைமாறுந்தோறும் பழைய ஏடுகள் அழியும் வாய்ப்பு மிகுகின்றது. எஞ்சியுள்ள செக்ரோல் புத்தகங்களையும், வீடுகளில் தகரப்பெட்டிகளுக்குள் கிடக்கும் விண்ணப்பப் பிரதிகளையும் சேகரித்து ஒப்பாரிகளோடு அருகருகே வைத்து வாசிப்பது, பேராதனையிலிருந்து செய்யக்கூடிய பணியாகும். அவ்வாசிப்பைக் கொழுந்தெடுக்கும் பெண்களின் பக்கங்களிலிருந்து தொடங்கலாம். சம்பள நாளன்று அவர்களது கூலியைத் தந்தையோ கணவனோ கைநீட்டிப் பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆனால் நாள்தோறும் நிறுத்த கொழுந்து அப்பெண்களின் பேரிலேயே பதியப்பட்டது.