கடற்காற்று வரும் நேரம்

பெரிய ஊர்களில் எதன் வானிலை சுகம் என்று கேட்டால் பெங்களூருக்குத்தான் ஓட்டு விழும். கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், வேறென்ன வேண்டும்? ஆனாலும் சென்னைக் கோடைக்கு ரசிகர்கள் உண்டு. அவர்கள் காத்திருப்பது கடற்காற்றுக்கு.

நண்பகலுக்குள் தரை கடலைவிட வேகமாகச் சூடேறிவிடும். தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடலின் குளிர்காற்று உள்ளே வரும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசினால் கடற்காற்று கரையிலேயே தயங்கி நின்றுவிடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

திருவல்லிக்கேணி மொட்டை மாடியில் நின்றால் கடற்காற்றின் வருகையைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொடியில் அசையாமல் தொங்கும் வேட்டியின் ஓரம் முதலில் லேசாகத் துடிக்கும். பிறகு முழு வேட்டியும் மேற்குப் பக்கமாக உப்பி எழும். வியர்த்த கழுத்தில் சட்டென ஒரு சிலிர்ப்பு, நாசியில் மெல்லிய உப்பு வாசம். எந்த ஏசியும் இதைத் தராது.

தெருவில் நாற்காலிகள் வெளியே வரும். உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்கு இதே காற்று சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும்.