பகையைக் கரைக்கும் கனவு

கல்கியின் ‘பார்த்திபன் கனவு’, 1941-இல் தொடங்கப்பெற்ற ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த நாவல். ‘சிவகாமியின் சபத’த்தின் ஆழமோ, ‘பொன்னியின் செல்வ’னின் விரிவோ இதற்கு இல்லை, வெறும் காதற்கதைதானே என்று ஒதுக்குவோரும் உளர். அந்த எளிமையே இதன் வலிமை என்பேன்.

சிவனடியார் யாரென்பதை வாசகர் விரைவில் ஊகித்துவிடுகிறார். விக்கிரமனோ இறுதியில்தான் அறிகிறான். இந்த இடைவெளியில்தான் சுவை பிறக்கிறது. படகோட்டி பொன்னனும் வள்ளியும் பேசத் தொடங்கினால் அரச குலத்துத் துயரமும் கனம் குறைகிறது. ஆயினும் விளையாட்டுக்கு அடியில் ஒரு நீதி உண்டு. போரில் வீழ்ந்த சோழனின் மகனை, வென்ற பல்லவனே மாறுவேடம் பூண்டு காக்கிறான். அவன் மகள் குந்தவியே விக்கிரமனின் காதலியாகிறாள்.

நரசிம்மவர்மன் ஏறத்தாழ 642-இல் வென்ற வாதாபி, இன்று கருநாடகத்துப் பாதாமி. நம் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்க்குப் புலிகேசி பெருமைக்குரிய மன்னன் அன்றோ? அவர்களோடு ஒரே பலகையில் அமரும் பெங்களூர்த் தமிழ்க் குழந்தைக்கு முதலில் தரத்தக்கது வெற்றியை முழக்கும் நூல் அன்று. பகையை உறவாக்கும் இந்நூலே. தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளையும், விக்கிரமன் என்ன ஆனான் என்றறியவேனும் அடுத்த பக்கத்தைப் புரட்டும். மொழி வாழ அதனினும் வேறென்ன வேண்டும்?