தடவிக் கொடுத்தால்தான் கடிக்கலாம்

கிளிட்ச் என்றொரு இணைய விளையாட்டு இருந்தது. அதில் இறைச்சி வேண்டுமென்றால் பன்றியிடம் போக வேண்டும், ஆனால் வெட்டுவதற்கு அல்ல. முதலில் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும். அது சொக்கி நிற்கும்போது ஒரு சின்னக் கடி. இறைச்சி பைக்குள் வந்துவிடும், பன்றி பாட்டுக்குத் தன் வழியே நடந்துவிடும். பால் தருவது பட்டாம்பூச்சி. அதற்கு உடம்பு பிடித்துவிட்ட பிறகுதான் கறக்கலாம். கோழியைப் பிழிந்தால் தானியம் உதிரும். முட்டை மரத்தில் காய்க்கும்.

கேட்கும்போது பாட்டி கதை போலத்தான் இருக்கிறது. நான் ரசிப்பது கற்பனையை அல்ல, அதில் உள்ள வரிசையை. தடவாமல் கடிக்க முடியாது. மற்ற விளையாட்டுகளில் இந்த இடத்தில் ஒரே ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் பொருள் கிடைக்கும். இங்கே ஒரு சொடுக்கு கூடுதல். விளையாடுபவரின் அவசரத்துக்கு அது இடைஞ்சல் என்று எந்த மேலாளரும் சொல்லியிருப்பார். அந்த ஒரு சொடுக்கு இருப்பதால் பன்றி கிடங்காக இல்லாமல் பன்றியாக இருக்கிறது. மரங்களும் அப்படியே. தடவலாம், தண்ணீர் ஊற்றலாம், அப்புறம் பறிக்கலாம்.

செய்தவர்கள் டைனி ஸ்பெக் என்ற சிறு நிறுவனத்தார். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு தலைமை. பதினோரு பூதங்களின் மனத்துக்குள் விரியும் கனவுதான் அந்த உலகம், பெயர் ஊர். (நம் ஊர் இல்லை, பெயர் அப்படி அமைந்துவிட்டது.) ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் உலவினார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் சுடுவதற்கு வழியே வைக்கவில்லை. புதிய தெரு வேண்டுமானால் எல்லோரும் மரமும் கல்லும் கொண்டுவந்து கொட்டி, உழைப்பைச் சேர்த்துத் திறந்தார்கள். உடம்பில் தெம்பு தீர்ந்து செத்துப்போனால் நரகா என்ற இடத்துக்குப் போக வேண்டும். எண்ணெய்க் கொப்பரை கிடையாது. அங்கே கிடக்கும் திராட்சைப் பழங்களைக் காலால் மிதித்து நசுக்கினால் மறுபடி உயிர். சாவுக்குத் தண்டனையாகக் காலில் பழச்சாறு ஒட்டுவதை வைத்தார்களே, அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு உருண்டு பெரிதாகும் பந்தை வைத்து கட்டமாரி டமாசி என்ற விளையாட்டைச் செய்த ஜப்பானியக் கலைஞர் கெய்ட்டா தகஹாஷியும் இந்தக் குழுவில் இருந்தார் என்றால், குறும்பு எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டாம்.

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒன்றை நுணுகி ரசிப்பவன் ரசிகமணி டி.கே.சி.யை நினைக்காமல் இருக்க முடியாது. சாரல் தெறிக்கும் இந்த ஊரில் வாழ்ந்த அவர், ஒரு செய்யுளை எடுத்தால் ஒரு சொல் நிற்கும் இடத்துக்காக நண்பர்களை மணிக்கணக்கில் உட்கார வைப்பவர் என்பார்கள். கம்பனில் தமக்கு ஒட்டாத பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளும் துணிச்சலும் அவரிடம் இருந்தது. அறிஞர்களுக்குக் கோபம் வந்தது, அவர் கவலைப்படவில்லை. அந்த உரிமையைக் கொஞ்சம் கடன் வாங்கிச் சொல்கிறேன்: கிளிட்சிலும் பாதி இடைச்செருகல்தான். பன்றியும் பட்டாம்பூச்சியும் நரகாவும் கையில் வைத்துக் கொஞ்ச வேண்டியவை. ஆனால் இத்தனையும் செய்து எதற்காக என்ற கேள்விக்கு அந்த விளையாட்டில் பதில் கிடையாது. சமைத்தாய், சாப்பிட்டாய், தெம்பு வந்தது. தெம்பைக் கொண்டு மறுபடி சமைக்கலாம். ரசிகனுக்கு இது போதும். புதிதாக வந்த பெரும்பாலோர் ரசிகர்கள் அல்லர், சற்று நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

2011 செப்டம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு மாதத்தில், நவம்பர் கடைசியில், இன்னும் வேகவில்லை என்று தாங்களே சொல்லி விளையாட்டைச் சோதனை நிலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இலையில் பரிமாறியதை மறுபடி அடுப்பில் ஏற்றுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். நேர்மை காப்பாற்றவில்லை. எல்லாவற்றையும் ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் கட்டியிருந்தார்கள். ஐபோன் அதை உள்ளேயே விடவில்லை, உலகமோ கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருந்தது. 2012 நவம்பரில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, டிசம்பர் 9 அன்று சர்வரை நிறுத்தினார்கள்.

எனக்கு இந்தக் கதையிலேயே ஆக நயமான பகுதி இனிமேல்தான். அறிவிப்பிலிருந்து நிறுத்தம் வரை ஏறத்தாழ நான்கு வாரம் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் கட்டிய பணத்துக்கு மூன்று வழி: திரும்ப வாங்கிக்கொள்ளலாம், தருமத்துக்கு எழுதிவைக்கலாம், நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். வேலை இழந்த ஊழியர்களுக்காக விளையாட்டின் தளத்திலேயே தனிப் பக்கம் போட்டு, இவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். இதோடு ஒப்பிட ஒன்று: சோனி வெளியிட்ட கான்கார்டு என்ற பெருஞ்செலவு விளையாட்டை 2024 ஆகஸ்ட் 23 அன்று திறந்து, செப்டம்பர் 6 அன்று நிறுத்திவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அதில் குறையில்லை. அடுத்த மாதம் அதைச் செய்த ஃபயர்வாக் கூடத்தையே இழுத்துப் பூட்டினார்கள். வாசலில் நின்று வழியனுப்பும் பழக்கம் பெரிய வீடுகளில் குறைவு போலும்.

மிச்சமிருந்த முதலீட்டுப் பணத்தோடு குழுவின் ஒரு சிறு பகுதி வேறொன்றுக்குத் திரும்பியது. விளையாட்டைச் செய்யும்போது ஊருக்கு ஒருவராக இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் உரையாடல் கருவியைத் தைத்து வைத்திருந்தார்கள். அதைத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் ஸ்லாக். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கப் பேசிய விலை 2,770 கோடி டாலர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், கிளிட்ச் திறந்த அதே 2011இல், தன் கிளையைத் தொடங்கிய சோஹோ இன்று கிளிக் என்ற பெயரில் விற்கும் அலுவலக உரையாடல் செயலியும் அந்தச் சந்தையில்தான் நிற்கிறது.

விலையைவிட எனக்குச் சுவையானது ஸ்லாக்கில் ஒளித்து வைத்த சில்லறைகள். அதன் எமோஜி பட்டியலில் காரணமே சொல்லாமல் ஒரு பன்றியும் ஒரு நண்டும் இருக்கும், இரண்டும் கிளிட்சின் பிராணிகள். இல்லாத பக்கத்தைத் தேடி வழிதவறிப் போனால், கிளிட்சின் புல்வெளியும் அதில் மேயும் உயிர்களும் திரையில் வரும். பிழை நேர்ந்த இடத்தில், மூடிய விளையாட்டின் நிலத்தைக் கொண்டுவந்து வைத்தவருக்கு நல்ல ரசனை. கைவிட்ட விளையாட்டிலிருந்து வேறொன்று முளைப்பது பட்டர்ஃபீல்டுக்கு இது இரண்டாவது முறை. இதற்கு முன் கேம் நெவர்எண்டிங் என்ற விளையாட்டை விட்டுவிட்டு, அதன் மிச்சத்திலிருந்து 2004இல் ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தை எழுப்பினார்கள். அந்தத் தளத்தின் பல முகவரிகளின் வாலில் ஜி.என்.இ. என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டே கிடந்தது. முடியாத விளையாட்டு என்று பேர் வைத்தார்கள், முடிந்தும் போயிற்று, முதலெழுத்துகள் மட்டும் போகவில்லை.

2013 நவம்பரில் டைனி ஸ்பெக் இன்னொன்று செய்தது. மரம், தெரு, பிராணி, உடுப்பு என்று கிளிட்சின் 10,000க்கும் மேற்பட்ட படைப்புகளையும் நிரலில் ஒரு பகுதியையும் பொதுச் சொத்தாக்கியது. இந்தச் செய்தியைத் தென்காசிக்காரன் தன் ஊர்க் கோபுரத்தைப் பார்க்காமல் படிக்க முடியாது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதில் ஒரு குறை நேர்ந்தால் அதைச் செப்பனிடப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். எழுப்பும்போதே இடிவதை நினைத்த மனம் அது. ராஜகோபுரம் பிளந்து மொட்டையாகவே பல தலைமுறை நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலையும் எழுந்து குடமுழுக்குக் கண்டது.

கிளிட்சுக்கு அத்தனை காலம் காத்திருக்க நேரவில்லை. பொதுவில் கிடைத்த படங்களை வைத்து ஆட்டக்காரர்களே சில்ட்ரன் ஆஃப் ஊர் என்றும் இலெவன் என்றும் மறுகட்டுமானத்தில் இறங்கினார்கள். படம் கையில் இருந்தது, இயக்கும் நிரலில் பெரும்பகுதியைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. பாண்டியன் கேட்டதோ தன் கோயிலைத் தன் கோயிலாகவே நிமிர்த்தச் சொல்லி. டைனி ஸ்பெக் அதைக்கூடக் கேட்கவில்லை. மேலகரத்திலோ இலஞ்சியிலோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் முதல் விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தால், அந்த மரங்களையும் கோழிகளையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், நிறம் மாற்றலாம், விற்கவும் செய்யலாம். வரைந்தவர் பேரைப் போட வேண்டும் என்றுகூட நிபந்தனை கிடையாது.