ஹென்றியும் கிருஷ்ணராஜபுரமும்

ஊரை விட்டுப் பெயர்ந்தோரின் துயரைப் பாடிய தமிழ் நாவல்கள் பல. முன்பின் அறியாத ஓர் ஊரைத் தேடிச் சென்று, அவ்வூராரால் தம்மவன் என்று தழுவிக்கொள்ளப் பெற்றவனின் கதை அரிது. அவ்வரிய கதைகளுள் ஒன்று, ஜெயகாந்தன் எழுதி 1973இல் வெளிவந்த 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. அதன் நாயகன் ஹென்றி புறப்படும் இடம் பெங்களூர். சென்று சேரும் சிற்றூர் கிருஷ்ணராஜபுரம். (பெயரைக் கேட்டதும் நம் அன்பர்கள் ஒயிட்பீல்டுக்குப் போகும் வழியில் உள்ள ரயில் நிலையத்தை நினைப்பார்கள். இது அதுவன்று, தந்தை வாய்ச்சொல்லாக மட்டுமே அவன் அறிந்திருந்த தமிழ்நாட்டுக் கிராமம்.)

ஹென்றியின் தோற்றுவாய் இரண்டாம் உலகப் போர். பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் 1942இல் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர் அன்றோ? அத்தகைய நடைப்பயணத்தில் கண்டெடுக்கப்பட்ட குழவி அவன். பெற்றோர் யார், சாதி எது, சமயம் எது என்று சொல்வதற்கு எவருமில்லை. மனைவி பிரிந்து சென்றமையால் ஊரையே துறந்த சபாபதிப் பிள்ளை அவனை மகனாக வளர்க்கிறார். அவன் மம்மி என்றழைக்கும் வளர்ப்பன்னையோ ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. பப்பாவும் மறைந்தபின், அவருடைய பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடி ஹென்றி வருகிறான்.

இத்தகைய இளமையைப் பெற்றவனைப் படைக்கும் எழுத்தாளர் பெரும்பாலும் கண்ணீரைத்தான் நாடுவார். ஜெயகாந்தன் நாடவில்லை. 1934இல் கடலூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நீங்கி, விழுப்புரத்துக்கு ஓடிப்போய், கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டு வாழ்வில் வளர்ந்தவர் அவர். வீடற்ற இளமை இன்னதென்பதை அவருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் ஹென்றியிடம் தன்னிரக்கத்தின் சாயலே இல்லை. இது நம்பத்தக்கதா என்று கேட்போர் உண்டு. இவன் மனிதனா, ஆசிரியரின் கொள்கைக்குப் போர்த்திய சட்டையா என்ற ஐயம் சில இடங்களில் எனக்கும் எழுகிறது. உரையாடல்கள் நீண்டு சொற்பொழிவாகும்போது அவ்வையம் வலுக்கவும் செய்கிறது. ஆயினும், பப்பாவின் அன்பு அப்பழுக்கின்றி அவனுக்குக் கிடைத்திருந்தது என்பதை மறத்தலாகாது. அன்பை ஒருவரிடம் நிறையப் பெற்றவன் ஊரிடம் அதனை இரந்து நிற்பதில்லை. அவன் கேளாமல் நிற்பதே ஊரைக் கொடுக்கச் செய்கிறது.

நாவலின் உயிர்நாடி சொத்துப் பற்றிய பகுதியில் உள்ளது. பப்பாவின் தம்பி துரைக்கண்ணு லாரி ஓட்டுபவர், முரட்டு மனிதர். அண்ணன் மகன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தால் நிலத்துக்குத்தான் வந்திருப்பான் என்று அவர் கருதுவது இயல்பே. ஹென்றியோ நிலம் தனக்கு வேண்டாம், வீடு போதும் என்கிறான். அக்கணமே வழக்கு உறவாகிறது. ஆசிரியர் தேவராஜன், அவருடைய தமக்கை அக்கம்மாள், சிறுவன் மண்ணாங்கட்டி என ஒவ்வொருவராக அவனுக்கு உரியவராகின்றனர்.

இங்கேதான் நான் ஒரு தடையை எழுப்ப விரும்புகிறேன். ஹென்றியை ஊர் ஏற்றது அவன் நற்குணத்துக்காக மட்டுமா? இறந்தவரின் பெயரும், பூட்டிய வீடும் அவனுக்கு முன்பே அங்கே காத்திருந்தன. இவை ஏதுமின்றிச் சேரியின் ஓரத்தில் வந்து நின்றிருந்தால் கிருஷ்ணராஜபுரம் என்ன செய்திருக்கும்? ஜெயகாந்தன் கிராமத்தை மிகவும் கனிவான கண்ணால் பார்த்துவிட்டார் என்ற குற்றச்சாட்டில் உண்மையில்லாமல் இல்லை.

ஆனால் அவ்வினாவை நாவலே தன்னுள் எழுப்பிக்கொண்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பேபி என்னும் மனநிலை பிறழ்ந்த பெண் அவ்வூருக்கு வருகிறாள். அவளுக்குத் தந்தை பெயர் இல்லை, பத்திரம் இல்லை, ஆடை கூட இல்லை. ஹென்றியின் வீடு அவளுக்கு இடம் தருகிறது; அவளோ ஒருநாள் எவரிடமும் சொல்லாமல் போய்விடுகிறாள். ஹென்றிக்குச் சாத்தியமான ஊர், பேபிக்குச் சாத்தியமாகவில்லை. இத்தோல்வியை எழுதத் துணிந்தமையாலேயே இந்நாவல் இனிய கனவு என்ற நிலையைக் கடந்து நிற்கிறது.

ஸ்ரீராம்புரத்துத் தமிழ்க் குடும்பங்கள் இதனைப் படிக்க வேண்டியதற்குத் தனிக் காரணமுண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ஆலை வேலைக்கென வந்தவர்களின் பெயரர்கள் இன்று இங்கே வளர்ந்து நிற்கின்றனர். பாட்டனார் உழைத்த ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் நிற்கிறது. திருவிழாவுக்குச் சொந்த ஊர் போகும் இப்பிள்ளைகளின் கன்னடம் கலந்த தமிழைக் கேட்டு அங்குள்ளோர் நகைக்கின்றனர். இங்கோ இவர்கள் தமிழர் என்றே குறிக்கப்படுகின்றனர். ஹென்றியின் தமிழும் அவ்வூராருக்கு விந்தையாகவே ஒலித்தது. அதற்காக அவன் நாணவுமில்லை, அதனைத் திருத்திக்கொள்ள விரையவுமில்லை. சிறுவர்களோடு பழகியே ஊரைக் கற்றான்.

இறுதியில், பேபி என்றேனும் திரும்புவாள் என்று வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறான் ஹென்றி. அவள் வந்தாளா என்பதை ஜெயகாந்தன் எழுதவில்லை.