கைவிட்ட ஊரா, பெயர்ந்த ஊரா?

தொல்பொருளைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி கையாளும் சொற்கள் இரண்டு. ஒன்று ‘கண்டுபிடிக்கப்பட்டது’, மற்றொன்று ‘கைவிடப்பட்டது’. ஓர் ஊர் கைவிடப்பட்டது என்று எழுதிவிட்டால், அதற்குப் பின் அவ்வூருக்கு உரியவர் எவரும் இலர் என்றாகிறது. உரியவர் இல்லாத ஊரைப் பிறர் வந்து கண்டுபிடிப்பதும் எளிதாகிவிடுகிறது. ஆகவே இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பேராக் மாநிலத்து நிலத்துக்கு இவை பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், இதே கேள்வி எழுந்து விடை கண்ட அயல்நாடு ஒன்றைக் காண்பது நலம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மேசா வெர்டே என்னும் மேட்டுநிலம் உண்டு. அங்கே பாறைக் குடைவுகளுக்குள் கல்லால் எழுப்பிய வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. 1888 டிசம்பரில் மாடு தேடிச் சென்ற பண்ணையார் இருவர் அவற்றுள் மிகப் பெரியதைக் கண்டனர். அதுவே கண்டுபிடிப்பு என ஏடுகளில் ஏறியது. அங்கு வாழ்ந்தோர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்து போயினர் என்றும், காரணம் புதிர் என்றும் எழுதினர். பின்னர் டக்ளஸ் என்னும் வானியலறிஞர், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறையை வகுத்தார். பழைய வீடுகளின் உத்தரங்களுக்கு 1929இல் அம்முறையால் சரியான ஆண்டு கிடைத்தது. 1276 முதல் 1299 வரை அந்நிலத்தைக் கடும் வறட்சி வாட்டியதும் தெரியவந்தது.

ஆனால் மக்கள் மறையவில்லை. ரியோ கிராண்டே ஆற்றோரத்துக்கும், ஹோப்பி, சூனி முதலிய ஊர்களுக்கும் பெயர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். இடிந்த சுவரும் உடைந்த ஓடும் முன்னோரின் அடிச்சுவடுகள் என்பர் ஹோப்பி மக்கள். அறிஞர் நெடுங்காலம் வழங்கிவந்த ‘அனசாசி’ என்னும் பெயரோ, வேற்றினத்தாராகிய நவஹோ மக்களின் சொல். பகைவரின் முன்னோர் என்று அதற்குப் பொருள் கூறுவதுண்டு. பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கையில் பாட்டனை அயலார் இட்ட பெயரால் அழைப்பது முறையோ? இக்கேள்வி எழுந்த பின் ‘பூவெப்லோ முன்னோர்’ என்று எழுதும் வழக்கம் வந்தது. சொல் மாறியதும் ஆராய்ச்சியும் மாறிற்று. சுவரை அளந்தவர்கள், அச்சுவருக்கு உரியவரிடம் வழியும் ஊற்றும் வழிபாட்டிடமும் எவையெனக் கேட்கத் தொடங்கினர்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாரைக் கடந்து சென்றால் லெங்கோங் பள்ளத்தாக்கு வரும். 2012இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. இங்குள்ள கோத்தா தம்பானில், இரப்பர் தோட்டத்துக்குள், 1938இல் காலிங்ஸ் என்பவர் கற்கருவிகளை அகழ்ந்தெடுத்தார். கல்லின் வடிவத்தைக் கொண்டு அவை மிகப் பழமையானவை என்றனர் ஒரு சாரார். பிற்காலத்தில் அதனை ஐயுற்றனர் மற்றொரு சாரார். 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரைனா மஜீத் அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்தார். சுத்தியல் கல், பட்டடைக் கல், சிதறிய சில்லுகள் யாவும் செய்தவர் விட்ட நிலையிலேயே கிடந்தன. அது பழைய நீர்க்கரையில் இருந்த ஒரு கற்பட்டறை என்பது புலனாயிற்று. அவற்றோடு சுமாத்திராவின் தோபா எரிமலைச் சாம்பலும் இருந்தது. முதலில் 31,000 ஆண்டு என்று கணித்த காலத்தைப் பின்னர் ஏறத்தாழ 74,000 ஆண்டு என்று திருத்தினர். அதே எரிமலையின் சாம்பல் ஆந்திரத்து ஜ்வாலாபுரத்திலும் கற்கருவிகளோடு கிடைத்துள்ளது.

இதில் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டிய நெறி ஒன்று உண்டு. கல்லை மட்டும் பார்த்தபோது வழக்கு முடியவில்லை. கல் கிடந்த கரையையும், அங்கிருந்த சாம்பலையும், சில்லுகள் சிதறிய முறையையும் சேர்த்துப் பார்த்தபோதே விளக்கம் பிறந்தது. பொருளை நிலத்திலிருந்து பிரித்தால் பொருள் ஊமையாகிவிடும். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் விட்டுக் கருப்பொருளை மட்டும் பேசுவது திணை அறிந்தோர் செயலன்று என்பதை நாம் அறிவோம்.

நிலத்தோடு மக்களையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு அப்பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. குனோங் ருந்தோ குகையில் 1990களின் தொடக்கத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஆடவனின் எலும்புக்கூடு கிடைத்தது. ‘பேராக் மனிதன்’ என்று புகழ்பெற்றது அதுவே. இடக்கை பிறவியிலேயே குறைபட்டிருந்தும் அவன் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்தவன். ஆற்று நத்தைகளையும் கற்கருவிகளையும் உடன்வைத்து, கால்களை மடக்கிக் கிடத்தி அவனைப் புதைத்துள்ளனர். அதே லெங்கோங்கில் உள்ள படாக் குகையின் கரிக்கோட்டு ஓவியங்களோ நெடுங்காலத்துக்கு முற்பட்டவை அல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்த ஐவர் எவன்ஸ், அவை அப்பகுதியின் லானோ மக்கள் வரைந்தவை என்று பதிவு செய்தார். வரைந்தவர் இனத்தார் அருகிலேயே வாழ்ந்தமையால் அவ்வோவியங்களுக்கு உரியவர் யார் என்பது தெரிந்தது. ஈப்போவை அடுத்த தம்புன் பாறையில் செங்காவியால் தீட்டிய 600க்கு மேற்பட்ட உருவங்கள் உள்ளன. 1959இல் படை அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஆனால் வரைந்தவர் யார் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. அறிவித்த ஆண்டு நமக்குத் தெரிகிறது. வரைந்தவர் பெயர் தெரியவில்லை.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தென் பேராக்கின் சுங்காய், சிலிம் பகுதிகளில் கற்பலகைகளால் அமைந்த சவக்குழிகள் உள்ளன. இரும்புக் கருவிகளும் கார்னீலியன் மணிகளும் அவற்றில் கிடைத்தன. நம் நாட்டுக் கற்பதுக்கைகளை நினைவூட்டுவதால் இவையும் தமிழருடையவை என்று சிலர் துள்ளி எழுவர். வடிவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. மணி வணிகத்தாலும் வரும். பிறர் முன்னோரை நம் முன்னோர் ஆக்குவது, அவர்களை மறைந்து போனோர் என்று எழுதுவதினும் சிறந்த செயல் அன்று. ‘கன்னிக்காட்டை அழித்து நாடாக்கினோம்’ என்று நாம் பெருமையோடு சொல்வதிலும் இக்குற்றம் உண்டு. தோட்டத்துக்கு முன் பேராக்கின் காடுகளில் பூர்வகுடியினரின் வேட்டைவழியும் பழமரமும் இருந்தன. அக்காட்டைக் கன்னி என்பது, அவர்களை இல்லாதவர் ஆக்குவதாகும்.

இவ்வளவும் கூறியது நம் தோட்டங்களைப் பற்றிப் பேசுவதற்காகவே. கோலகங்சாரில் 1877இல் நட்ட இரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதுமரமாக நிற்கிறது. அதற்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. அம்மரத்தின் வழியில் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் குடியிருந்த லயங்களுக்குப் பெரும்பாலும் இவை இல்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தை வரலாற்று நூல்கள் 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்ட இடமாகக் குறிக்கும். அவ்வட்டாரத் தோட்டங்களில் பிரட்டுக்களம் எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே, கள்ளுக்கடை எங்கே, முனியாண்டி நின்ற மரம் எது என்று அந்நூல்கள் சொல்லமாட்டா.

இன்று அவற்றைக் ‘கைவிடப்பட்ட தோட்டங்கள்’ என்று எழுதுகிறோம். இலக்கணம் அறிந்த ஆசிரியர்கள் இத்தொடரை நோக்க வேண்டும். செயப்பாட்டுவினை செய்தவனை மறைக்க வல்லது. கைவிட்டவர் யார்? தொழிலாளரா? 1950களில் தொடங்கிய துண்டாடலில் தோட்டங்கள் கைமாறின. அதனைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களும் உண்டு. நிலத்தை விற்றவர் வேறு, வெளியேறியவர் வேறு. பூவெப்லோ முன்னோர் ஊரைப் பெயர்த்ததில் வறட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மவரைப் பெயர்த்தது நிலப்பத்திரம். ஆகவே ‘கைவிடப்பட்ட’ என்னும் சொல் இங்கே பிழையாவது மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

சில பத்தாண்டுகளுக்கு முற்பட்ட லயத்தைத் தொல்பொருள் என்பதா என்று கேட்பார் உளர். படாக் குகையின் கரிக்கோடுகளும் பழையவை அல்லவே! அண்மைக் காலத்துக்கு ஒரு வசதி உண்டு: கேட்பதற்கு ஆள் இருக்கிறார். நினைவு பிழைபடும் என்பதும் உண்மையே. ஆதலால் பாட்டி காட்டிய இடத்தைப் பழைய நில அளவைப் படத்தோடும், எஞ்சிய அடித்தளத்தோடும், நட்டு வளர்த்த புளிய மரத்தோடும், வேப்ப மரத்தோடும் ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தினால் சான்று, பொருந்தாவிட்டால் ஆராய்ச்சி. பூவெப்லோ மக்களின் வாய்மொழி 700 ஆண்டு நின்றது. அங்கே தந்தை சொல்ல மகன் கேட்டான். நம் வாய்மொழி இரண்டு தலைமுறை தாண்டுமா என்பது ஐயம், கேட்பார் இல்லை.

தோட்டம் அழிந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி வேறிடத்தில் நடக்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. அங்கே பயிலும் பிள்ளைக்கு அப்பெயர் பலகையில் உள்ள வெறும் எழுத்து. ஆசிரியர் ஒருவர் ஒரு தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அங்கே பிறந்த முதியோருடன் மாணவரை அழைத்துச் சென்று, லயம், கிணறு, கோயில், சுடுகாடு ஆகியவற்றை ஒரு தாளில் வரையச் செய்யட்டும். அருகில் பூர்வகுடியினர் இருப்பின், ஆற்றுக்கும் குன்றுக்கும் அவர்கள் வழங்கும் பெயரையும் கேட்டு அத்தாளில் முதலில் எழுதட்டும். கீழடியைப் பற்றிப் பாடம் நடத்தும் அதே வாரத்தில் இதனைச் செய்யலாம். அத்தாளின் தலைப்பில் ‘கைவிடப்பட்ட தோட்டம்’ என்று எழுதாமல், அங்கிருந்து பெயர்ந்தவர் எந்த ஆண்டில், எவ்வூருக்குச் சென்றனர் என்று எழுதினால் போதும்.